ஜைஹூன் நதிக்கரையில் கல்லான களிமண்

நம் பிள்ளைகளின் அறிவியல் பாடநூலில் மாற்றங்களைப் பற்றிய பாடம் ஒன்று உண்டு. பனிக்கட்டி உருகுவது இயற்பியல் மாற்றம் என்றும், இரும்பு துருப்பிடிப்பது வேதியியல் மாற்றம் என்றும் அதில் படிக்கிறார்கள். தீக்குச்சி எரிவது வேகமான மாற்றம், விதை முளைத்து மரமாவது மெதுவான மாற்றம் என்று இன்னோர் அட்டவணையும் உண்டு. தேர்வுக்கு முந்தைய இரவில் இவற்றை மனனம் செய்கிறார்கள். எழுதி முடித்ததும் மறந்துவிடுகிறார்கள். நாமும் நம் காலத்தில் அவ்வாறே செய்தோம்.

இரண்டு வரிகளில் அடங்கிவிடும் இந்தப் பிரிவினை மனித அறிவுக்கு எளிதில் எட்டியதன்று. அது எட்டிய நெடும் பாதையில் முக்கியமான ஒரு கட்டம், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், மத்திய ஆசியாவின் ஜைஹூன் நதியோடு தொடர்புடையது. பாமீர் மலைகளில் பிறந்து ஆரல் கடலை நோக்கிச் செல்லும் அந்த நதியை இன்று ஆமூ தர்யா என்கிறார்கள். அந்த நிலப்பகுதியில் வாழ்ந்த இரு முஸ்லிம் அறிஞர்கள், இயற்கையின் மெதுவான மாற்றங்களை இருவேறு கோணங்களில் கண்டார்கள். ஒருவர் களிமண் கல்லாவதைக் கண்டார். மற்றவர் கல் மணலாவதைக் கண்டார். முன்னவர் இப்னு சீனா, பின்னவர் அல்பிரூனி. அவர்கள் கண்டதையும், தம்முள் வாதிட்டதையும், அந்த வாதம் இன்று நம் ஊர்ப் பள்ளிவாசல் சுவர் வரை எவ்வாறு வந்து நிற்கிறது என்பதையும் இக்கட்டுரையில் காண்போம்.

வடிவம் மாறுவதும் பொருள் மாறுவதும்

முதலில் இரண்டு மாற்றங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம்.

ஆற்றில் உருண்டுவரும் கருங்கல் தேய்ந்து சிறுகல்லாகிறது, பின்னர் மணலாகிறது. அந்த மணலின் ஒரு துகளை எடுத்துச் சோதித்தால், மலையிலிருந்த அதே கனிமமே அதில் இருக்கும். அளவும் வடிவமும் மாறின, பொருள் மாறவில்லை. இது இயற்பியல் மாற்றம். குளிர்நாடுகளில் பாறை வெடிப்புகளில் தேங்கும் நீர் உறைந்து பாறையைப் பிளப்பதும், கடற்காற்றில் வரும் உப்பு கல்லின் நுண்துளைகளில் படிகமாக வளர்ந்து கல்லை உதிர்ப்பதும் இவ்வகையே.

மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைச் சிறிதளவு தன்னுள் ஏற்றுக்கொள்வதால் மென்மையான அமிலத்தன்மை பெறுகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் மீது பட்டால் பாறை கரைகிறது. கரைந்த சுண்ணாம்பு வேறொரு சேர்மமாக நீரோடு செல்கிறது. அதே நீர் ஒரு குகையின் கூரையிலிருந்து சொட்டும்போது, வாயு வெளியேற, சுண்ணாம்பு மீண்டும் கல்லாகப் படிகிறது. குகைகளில் விழுது போலத் தொங்கும் கற்கள் இவ்வாறு உருவானவை. ஆயிரம் ஆண்டுகளில் ஒரு சாண் நீளம்கூட வளராத விழுதுகளும் உண்டு. இங்கே பொருளே மாறி, பின்னர் திரும்பி வருகிறது. இது வேதியியல் மாற்றம்.

இரண்டுக்கும் பொதுவான ஒரு தன்மை, மனித வாழ்நாளை மீறிய அவற்றின் காலம். விறகு சாம்பலாவதை ஒரு வேளைச் சமையலுக்குள் பார்த்துவிடலாம். மலை தேய்வதை யார் பார்த்தது? பார்க்க இயலாத ஒன்றை அறிய இரண்டு வழிகளே உண்டு. ஒன்று, நெடுங்காலம் காத்திருந்து பார்ப்பது. மற்றொன்று, மாற்றம் விட்டுச்சென்ற தடயங்களைக் கொண்டு கணிப்பது. இப்னு சீனா முதல் வழிக்கு ஓர் அழகிய சான்று. அல்பிரூனி இரண்டாம் வழிக்கு.

இருபத்துமூன்று ஆண்டுகள்

இப்னு சீனா ஹிஜ்ரி 370ஆம் ஆண்டில், அதாவது கி.பி. 980இல், புகாராவுக்கு அருகிலுள்ள அஃப்ஷனா என்னும் சிற்றூரில் பிறந்தார். மருத்துவத்தில் அவர் எழுதிய ‘அல்கானூன்’ நம்மில் பலர் பெயரளவிலேனும் அறிந்த நூல். அவரது மற்றொரு பெரும் படைப்பு ‘கிதாபுஷ் ஷிஃபா’. பெயரைக் கேட்டு இதனையும் மருத்துவ நூல் என எண்ணுவோர் உண்டு. உண்மையில் அது தர்க்கம், இயற்கையியல், கணிதம், இறைமெய்யியல் ஆகிய நான்கையும் உள்ளடக்கிய அறிவுக் களஞ்சியம். ஹமதானில் அமைச்சுப் பணி, தலைமறைவு வாழ்வு, கோட்டைச் சிறை என அலைக்கழிந்த ஆண்டுகளில் தொடங்கி வளர்ந்து, பின்னர் இஸ்ஃபஹானில் நிறைவுற்ற நூல் அது.

அதன் இயற்கையியல் பகுதியில் மலைகளும் கற்களும் தோன்றும் விதத்தை அவர் ஆராய்கிறார். கல் இரு வழிகளில் உருவாகிறது என்பது அவரது முடிவு. ஒன்று, களிமண் நாளடைவில் இறுகிக் கல்லாவது. மற்றொன்று, நீரிலிருந்து கல் படிவது. சொட்டும் நீர் கல்லாக உறைவதும், ஓடும் நீரின் படுகையில் கல் படிவதும் இதில் அடங்கும்.

முதல் வழிக்கு அவர் தரும் சான்று நூலறிவன்று, கண்ணறிவு. தம் சிறுவயதில் ஜைஹூன் கரையில் ஒருவகைக் களிமண்ணைக் கண்டதாக எழுதுகிறார். நம் வீடுகளில் சீயக்காய் தேய்த்துத் தலை முழுகுவதைப் போல, அங்குள்ள மக்கள் அந்தக் களிமண்ணால் தலை கழுவுவார்கள். பின்னொரு காலத்தில் அதே களிமண் மென்மையான கல்லாக மாறியிருந்ததை அவர் காண்கிறார். இடைப்பட்ட காலம் ஏறக்குறைய 23 ஆண்டுகள் என்று குறித்தும் வைக்கிறார்.

இந்தக் குறிப்பை நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். ஒரு சிறுவன் ஆற்றங்கரையில் களிமண்ணைப் பார்க்கிறான். அதில் வியப்பதற்கு ஏதுமில்லை. அவ்வூர்ச் சிறுவர் அனைவரும் பார்த்ததுதான். ஆனால், அவன் வளர்ந்து, கல்வியில் கரைகண்டு, அரசர்களின் மருத்துவனான பின்பும் அந்தக் கரையும் அந்த மண்ணும் அவன் நினைவில் நிற்கின்றன. முன்பு கண்டதையும் பின்பு கண்டதையும் ஒப்பிட்டு, இடைப்பட்ட ஆண்டுகளை எண்ணுகிறான். இதற்குக் கருவி எதுவும் தேவைப்படவில்லை. கவனமும் நினைவும் போதுமானவையாக இருந்தன.

களிமண் கல்லானதற்கு அவர் காட்டிய காரணம், மண் உலர்ந்து இறுகுவதும், சில நிலங்களில் பொருள்களைக் கல்லாக்கும் ஓர் ஆற்றல் இருப்பதும் ஆகும். அந்த ஆற்றல் எதுவென்று பிரித்துக் காட்ட அக்காலத்தில் வழியில்லை. நிலத்தடி நீரில் கரைந்துவரும் சுண்ணாம்பு, சிலிக்கா போன்றவை மண் துகள்களுக்கிடையே படிந்து பசைபோல் பிணைப்பதே இவ்வகை இறுக்கத்திற்குப் பெரும்பாலும் காரணம் என்பதை இன்று அறிவோம். நீர் வற்றுவது இயற்பியல் மாற்றம். சுண்ணாம்பு படிவது வேதியியல் மாற்றம். ஒரே கரையில், ஒரே களிமண்ணில் இரண்டும் சேர்ந்தே நடக்கக்கூடும்.

மலைகளைப் பற்றியும் அவர் இவ்வாறே இரு காரணங்களைச் சொல்கிறார். கடும் நிலநடுக்கங்களால் தரை உயர்வது ஒன்று. காற்றும் வெள்ளமும் மென்மையான பகுதிகளை அரித்துச் செல்ல, கடினமான பகுதிகள் உயர்ந்து நிற்பது மற்றொன்று. சில மலைகள் அடுக்கடுக்காகக் காணப்படுவதையும், கற்களுக்குள் சிப்பி போன்ற நீர்வாழ் உயிர்களின் உறுப்புகள் இருப்பதையும் குறிப்பிட்டு, இன்று மக்கள் வாழும் நிலங்கள் ஒரு காலத்தில் கடலுக்கடியில் இருந்தவை என்று முடிவு செய்கிறார். அதற்கு ஆன காலம், மனித வரலாற்றில் பதிவே இல்லாத நெடுங்காலம் என்பதையும் அவர் உணர்ந்திருந்தார். மலைகள் எவ்வாறு நாட்டப்பட்டுள்ளன என்பதைப் பார்க்குமாறு அல்காஷியா அத்தியாயம் மனிதரை அழைக்கிறது. அந்த அழைப்பை ஓதியதோடு நில்லாமல், உண்மையிலேயே சென்று பார்த்தவர்களுள் ஒருவராக இப்னு சீனாவை நாம் காண்கிறோம்.

கிணறு வெட்டியபோது வெளிவந்த கற்கள்

அபூ ரைஹான் அல்பிரூனி ஹிஜ்ரி 362ஆம் ஆண்டில், கி.பி. 973இல், ஜைஹூன் பாயும் குவாரிஸ்ம் நாட்டில் பிறந்தார். பிற்காலத்தில் கஸ்னவி அரசவையோடு அவர் வாழ்வு பிணைந்தது. அதன் வழியே இந்தியாவை அறியும் வாய்ப்பும் கிட்டியது. சமஸ்கிருதம் கற்று, இந்நாட்டு அறிஞர்களோடு உரையாடி, ஏறக்குறைய 1030இல் அவர் முடித்த நூல் ‘தஹ்கீகு மா லில் ஹிந்த்’.

அந்நூலில் வட இந்தியச் சமவெளியின் மண்ணைப் பற்றி ஒரு குறிப்பு வருகிறது. எவ்வளவு ஆழம் தோண்டினாலும் உருண்டையான கற்கள் கிடைப்பதை அவர் கவனிக்கிறார். மலைகளுக்கு அருகே, ஆறுகள் சீறிப் பாயும் இடங்களில் அக்கற்கள் பெரியவை. மலையை விட்டு விலகி, நீரோட்டம் தணியும் இடங்களில் அவை சிறியவை. ஆறுகள் தேங்கி நிற்கும் முகத்துவாரங்களிலும் கடலோரத்திலும் அவை வெறும் மணல். இவை அனைத்தையும் ஒருசேர நோக்கும் எவரும், இந்நிலம் ஒரு காலத்தில் கடலாக இருந்து, ஆறுகள் கொணர்ந்த வண்டலால் சிறிது சிறிதாக நிரம்பியது என்றே எண்ணுவர் என்கிறார்.

இந்தச் சமவெளி இமயத்திலிருந்து ஆறுகள் அரித்துவந்த வண்டலால் நிரம்பிய பெரும் பள்ளமே என்று இன்றைய நிலவியலும் சொல்கிறது. வண்டலின் ஆழம் சில இடங்களில் பல கிலோமீட்டர். முழுச் சமவெளியும் கடலாக இருந்தது என்ற பகுதியை மட்டும் இன்றைய ஆய்வுகள் அப்படியே ஏற்பதில்லை.

அல்பிரூனி இங்கு கையாளும் முறை கவனிக்கத்தக்கது. கல் தேய்வதை அவர் பார்க்கவில்லை. அதைப் பார்க்க எவருக்கும் ஆயுள் போதாது. ஆனால், மலையடிவாரத்திலிருந்து கடல் வரை நடந்தால், ஒரே கல்லின் இளமையும் முதுமையும் வழியெங்கும் கிடக்கின்றன. காலத்தில் காண முடியாததை அவர் தூரத்தில் கண்டார். 1025இல் முடித்த ‘தஹ்தீத்’ என்னும் நூலிலும் அவர் இவ்வாறே அரேபியப் பாலையைப் பற்றி எழுதுகிறார். கிணறும் குளமும் தோண்டும்போது மண், மணல், கூழாங்கல் என அடுக்குகள் வெளிப்படுவதையும், உடைத்த கற்களுக்குள் சிப்பிகள் இருப்பதையும் கொண்டு, அப்பாலை முன்னொரு காலத்தில் கடலாக இருந்தது என்கிறார்.

குளிரில் உடைந்த குடுவை

இவ்விரு அறிஞர்களும் இளமையிலேயே கடிதங்கள் வழி வாதிட்டவர்கள். அல்பிரூனி பதினெட்டு வினாக்களை இப்னு சீனாவுக்கு அனுப்பினார். அவற்றுள் பத்து, வானுலகைப் பற்றிய அரிஸ்டாட்டிலின் கருத்துகளைக் குறித்தவை. மீதி எட்டு, இயற்கையின் பிற நிகழ்வுகளைக் குறித்தவை. அந்த எட்டினுள் ஒன்று நம் பொருளுக்கு நேரே உரியது.

பொருள்கள் வெப்பத்தால் விரிகின்றன, குளிரால் சுருங்குகின்றன என்பது உண்மையானால், நீர் நிறைந்த குடுவை, உள்ளிருக்கும் நீர் உறையும்போது ஏன் உடைகிறது? இதுவே வினா. பனிக்கட்டி ஏன் நீரில் மிதக்கிறது என்றும் அவர் கேட்டிருந்தார்.

இப்னு சீனா, இயற்கையில் வெற்றிடம் என்பது இயலாது என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கையைப் பற்றிக்கொண்டு விடை சொன்னார். குளிரில் உள்ளிருப்பது சுருங்கும். சுருங்கினால் வெற்றிடம் நேரும். அதைத் தவிர்க்கவே குடுவை உடைகிறது என்பது அவர் வாதம். அது தவறான விடை. நீர் ஏனைய பொருள்களைப் போன்றதன்று. உறையும்போது அது ஏறக்குறைய 9 விழுக்காடு விரிகிறது. குடுவையை உடைப்பது அந்த விரிவு. பனிக்கட்டி மிதப்பதற்கும் அதுவே காரணம். குளிர்மலைகளில் பாறைகளைப் பிளந்து, அல்பிரூனி கண்ட உருண்டைக் கற்களுக்கான மூலக்கற்களை ஆற்றுக்கு அளிப்பவற்றுள் அந்த விரிவும் ஒன்று.

வாதம் பின்னர் சூடுபிடித்தது. அல்பிரூனியின் மறுப்புகளின் கடுமை பிடிக்காமல், மேற்கொண்டு விடையளிக்கும் பொறுப்பை இப்னு சீனா தம் மாணவர் அல்மஃஸூமியிடம் ஒப்படைத்தார்.

இந்த நிகழ்வை மறைத்துவிட்டு, நம் முன்னோர் அனைத்தையும் அன்றே அறிந்திருந்தார்கள் என்று பேசுவது எளிது. கைப்பேசிகளில் வலம்வரும் செய்திகள் பலவும் அவ்வாறே பேசுகின்றன. அதைக் கேட்டு வளரும் பிள்ளை, கல்லூரியில் இப்னு சீனாவின் பிழையைப் படிக்கும் நாளில் எதை நம்புவான்? நாம் சொன்ன பெருமையை ஐயுறுவான். அதோடு சேர்த்து நாம் சொன்ன மற்றவற்றையும் ஐயுறக்கூடும். உண்மையை உள்ளவாறு சொன்னால் அந்த ஆபத்தில்லை. ஜைஹூன் கரையில் தம் கண்ணை நம்பிய இப்னு சீனா சரியாகச் சொன்னார்; குடுவையின் முன்னே, கண்ணை விட்டுக் கொள்கையை நம்பியபோது தவறினார். அவரது மேன்மையும் பிழையும் சேர்ந்தே நமக்குப் பாடமாகின்றன. விடை தெரியாத நிலையிலும் சரியான வினாவைத் தொடுத்த அல்பிரூனி, கேட்பதற்கும் ஓர் இல்ம் வேண்டும் என்று கற்றுத்தருகிறார்.

நிறம் மாறினால் பொருள் மாறுமா?

இயற்பியல் மாற்றத்தையும் வேதியியல் மாற்றத்தையும் பிரித்தறிய வேண்டிய கட்டாயம் அக்காலத்தில் வேறொரு களத்திலும் எழுந்தது. அது ரசவாதம். செம்பைப் பொன்னாக்குவோம் என்று புறப்பட்டவர்கள் அன்று ஏராளம்.

கல்லைப் பற்றி எழுதிய அதே பகுதியில் இப்னு சீனா இதற்கும் விடை சொல்கிறார். கைவினைஞர் செம்புக்கு வெள்ளியின் நிறத்தையோ பொன்னின் நிறத்தையோ ஊட்டலாம். பார்ப்பவர் ஏமாறும் அளவுக்குத் திறமையாகவும் செய்யலாம். ஆயினும், அது புறத்தோற்றத்தின் மாற்றமே. உலோகத்தின் இயல்பு மாறுவதில்லை என்கிறார்.

அல்பிரூனி இதையே தராசின் வழி அணுகக்கூடிய கருவியைத் தந்தார். கூம்பு வடிவப் பாத்திரம் ஒன்றில் நீர் நிரப்பி, அதில் உலோகங்களையும் மணிக்கற்களையும் இட்டு, வெளியேறும் நீரை நிறுத்து, அவற்றின் ஒப்படர்த்தியைக் கணித்தார். அவர் பெற்ற அளவுகள் இன்றைய அளவுகளுக்கு மிக நெருங்கியவை. நிறத்தைப் போலி செய்யலாம். ஒரே பருமனுக்குரிய எடையைப் போலி செய்வது மிகக் கடினம். பொருள் மாறியதா, தோற்றம் மட்டும் மாறியதா என்ற வினாவுக்கு, கண்ணுக்கு அப்பால் ஓர் அளவுகோல் கிடைத்தது.

அக்காலத்தில் தனிமங்களும் சேர்மங்களும் இன்றைய பொருளில் அறியப்பட்டிருக்கவில்லை. வேதியியல் மாற்றம் என்ற சொல்லும் அவர்களிடம் இல்லை. ஆனால், அச்சொல் எதைக் குறிக்க வேண்டுமோ அந்த வேறுபாட்டை அவர்கள் தொட்டுவிட்டார்கள்.

பெயர் இழந்த பக்கங்கள்

இப்னு சீனாவின் இந்தப் பக்கங்களுக்கு நேர்ந்தது வியப்பானது. 1200ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்தைச் சேர்ந்த ஆல்ஃபிரட் என்ற அறிஞர் அவற்றை இலத்தீனில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு, அரிஸ்டாட்டிலின் வானிலை நூலின் இறுதியோடு இணைக்கப்பட்டது. அதன் விளைவாக, ஐரோப்பாவில் நெடுங்காலம் பலரும் அதனை அரிஸ்டாட்டில் எழுதியதாகவே கருதினர். ஜைஹூன் கரையில் ஒரு முஸ்லிம் சிறுவன் கண்டது, கிரேக்க அறிஞரின் பெயரில் படிக்கப்பட்டது. 1927இல் ஹோம்யார்டு, மாண்டவில் ஆகிய இருவர் அரபு மூலத்தையும் இலத்தீன் வடிவத்தையும் ஆங்கில மொழிபெயர்ப்போடு பதிப்பித்தனர்.

கல்லாக்கும் ஆற்றல் எது என்ற புதிர், 18ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் விடைபெறத் தொடங்கியது. சுண்ணாம்பு போன்ற பொருள்களுக்குள் ஒரு வாயு அடைபட்டிருப்பதையும், சூடாக்கினால் அது வெளியேறுவதையும் ஜோசஃப் பிளாக் என்னும் மருத்துவர் 1756இல் வெளியிட்டார். நாம் இன்று கரியமில வாயு என்பது அதுவே. அவருடைய நண்பர் ஜேம்ஸ் ஹட்டன், மலைகள் தேய்ந்து கடலில் படிந்து, இறுகிப் பாறையாகி, மீண்டும் உயர்கின்றன என்ற தம் கருத்தை 1785இல் அந்நகரின் அரச கழகத்தின் முன் வைத்தார். ஒருவர் பொருளின் மாற்றத்தைக் கண்டார். மற்றவர் நிலத்தின் வடிவ மாற்றத்தைக் கண்டார். ஜைஹூன் கரையின் இரு பார்வைகளும், ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின் வேறொரு நாட்டில் இரு நண்பர்களிடம் மீண்டும் தென்படுகின்றன.

இதை வீட்டிலேயே பிள்ளைகளுக்குக் காட்டலாம். தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஒரு குழாய் வழியே மூச்சை ஊதினால் நீர் பால்போல் வெண்மையாகும். ஊதுபவர் அதை உறிஞ்சிவிடாமல் பெரியவர் ஒருவர் அருகில் இருக்க வேண்டும். நம் மூச்சிலுள்ள கரியமில வாயு, சுண்ணாம்போடு சேர்ந்து கல்லின் துகளாகிறது. வாயுவை மேலும் தொடர்ந்து செலுத்தினால் வெண்மை மறைந்து நீர் தெளியும். கல் கரைந்துவிட்டது. பாறை பிறப்பதும் கரைவதும் ஒரு கண்ணாடிக் குவளைக்குள் நிகழ்கின்றன.

நம் பள்ளிவாசல் சுவர்

இவ்வளவையும் நாம் பேசுவதற்கு அண்மைக் காரணம் ஒன்று உண்டு. நம் கடற்கரை ஊர்கள் பலவற்றில் சுண்ணாம்புச் சாந்தால் எழுப்பப்பட்ட பழைய பள்ளிவாசல்கள் உள்ளன. அவற்றின் சுவர்கள், மேலே சொன்ன இரு மாற்றங்களும் அன்றாடம் நிகழும் இடங்கள்.

அக்காலக் கொத்தனார்கள் கடலோரத்துக் கிளிஞ்சல்களைக் காளவாயில் சுட்டார்கள். சூட்டில் கரியமில வாயு வெளியேறிவிடும். சுட்டதை நீரூற்றி நீற்றி, மணலோடு சேர்த்து அரைத்து, கடுக்காய் நீரும் வெல்லமும் கலந்து சாந்தாக்கினார்கள். சுவரில் பூசப்பட்ட அந்தச் சாந்து, காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப ஏற்றுக்கொண்டு மெல்ல மெல்லச் சுண்ணாம்புக் கல்லாகிறது. தடித்த சுவர்களில் இந்த மாற்றம் பல பத்தாண்டுகளுக்கு நீள்கிறது. கடலில் சிப்பியாக இருந்தது, மீண்டும் கல்லாகிச் சுவரைத் தாங்குகிறது. இங்கே வேதியியல் மாற்றம் கட்டுபவராகப் பணிசெய்கிறது.

அதே சுவரின் அடிப்பகுதியில் எதிர்ப்பணி நடக்கிறது. நிலத்து ஈரம் ஓதமாக மேலேறும்போது கடலோர மண்ணின் உப்பையும் உடன் கொண்டுவருகிறது. சுவரின் மேற்பரப்பில் நீர் ஆவியாக, உப்பு நுண்துளைகளில் படிகமாக வளர்ந்து தள்ளுகிறது. காரை பொரிந்து உதிர்கிறது. சுவர் உப்புப் பூக்கிறது என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். இங்கே இடிப்பது பெரும்பாலும் இயற்பியல் மாற்றம்.

உதிரும் சுவரைக் கண்டதும், நல்ல எண்ணத்தோடு, பழைய காரையைக் கொத்தி எடுத்துவிட்டுச் சிமெண்டு பூசிவிடுகிறோம். ஓரிரு ஆண்டுகள் சுவர் பளிச்சென்று இருக்கும். ஆனால், சிமெண்டுப் பூச்சு சுண்ணாம்பைப் போல ஈரத்தை எளிதில் வெளியே விடுவதில்லை. வெளியேற வழியற்ற ஈரம் சுவருக்குள் இன்னும் உயரே ஏறுகிறது. உப்பு, பூச்சுக்குப் பின்னால், பழைய சுவரின் உடலிலேயே படிகமாகிறது. பின்னர் சிமெண்டு பாளமாகப் பெயரும்போது, முன்னோர் கட்டிய சுவரின் முகத்தையும் சேர்த்தே பிய்த்துக்கொண்டு விழுகிறது. முன்பு ஒரு முழம் உயரத்தில் நின்ற ஓதம், இப்போது தலைக்கு மேல் ஏறியிருக்கும்.

நடப்பது எவ்வகை மாற்றம் என்று அறியாமல் செய்யும் மருந்து, நோயை வளர்த்துவிடுகிறது. மழைநீர் சுவரோரம் தேங்காமல் வடிய வழிசெய்வதும், உளூ செய்யும் இடத்து நீர்க்கசிவை அடைப்பதும், உதிர்ந்த இடத்தில் மீண்டும் சுண்ணாம்புச் சாந்தையே பூசுவதும் பழைய சுவருக்குப் பொருந்தும் முறைகள். சுண்ணாம்புப் பூச்சு உப்பைத் தன்னில் ஏற்றுக்கொண்டு தான் உதிரும், சுவரைக் காக்கும். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டியிருக்கும். அது குறையன்று, அதன் வேலையே அதுதான். இம்முறை அறிந்த கொத்தனார்கள் இன்றும் சிலர் இருக்கிறார்கள். ஜமாஅத்தின் பொறுப்பில் உள்ளோர், கொத்தி எடுக்க முடிவு செய்வதற்கு முன் அவர்களில் ஒருவரையேனும் அழைத்துச் சுவரைக் காட்டுவது நல்லது.

அதற்கும் முன்பாக எளிய செயல் ஒன்று உண்டு. சுவரில் ஈரம் எந்த உயரம் வரை ஏறியுள்ளது என்பதை ஒரு கோடிட்டு, தேதியிட்டு வைக்கலாம். மழைக்காலத்தில் ஒரு முறை, கோடையில் ஒரு முறை. பள்ளிவாசலுக்கு ஓத வரும் சிறுவர்களிடமே இப்பொறுப்பை ஒப்படைக்கலாம். ஆண்டுதோறும் அவர்கள் கோட்டைப் பார்ப்பார்கள்; ஏறியதா, இறங்கியதா என்று ஒப்பிடுவார்கள். அவர்களுள் ஒருவர் இருபத்துமூன்று ஆண்டுகளுக்குப் பின் அதே சுவரின் முன் நின்று, தாம் சிறுவயதில் கண்டதை நினைவுகூரக்கூடும்.

பாடநூலின் அட்டவணையை மனனம் செய்வதைவிட அந்தக் கோடு அவர்களுக்கு அதிகம் கற்றுத்தரும். படைப்பை உற்றுநோக்கும் கண்ணையும், கண்டதை மறவாத நினைவையும், தவறினால் திருத்திக்கொள்ளும் பணிவையும் வல்ல இறைவன் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் அருள்வானாக. ஆமீன்.